றங்குப் பெட்டிக்குள் ஒரு மைதானம்



எங்கள் பெரியப்பா விளையாட்டு வீரரல்லர். பள்ளிக்கூடத்தில் ஓடிய ஒரேயொரு ஓட்டத்திலும் கடைசியாக வந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். தபாற் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆனால் வண்ணார்பண்ணையில் இருந்த அவருடைய வீட்டில், சாமியறைக்கு அடுத்த அறையில், கட்டிலுக்குக் கீழே ஒரு றங்குப் பெட்டி இருந்தது. அதற்குள் யாழ்ப்பாணத்தின் மைதானங்கள் எல்லாம் மடித்து வைக்கப்பட்டிருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

பெட்டியைத் திறந்தால் முதலில் வேப்பிலை வாசம். அதன்பின் பூச்சி உருண்டையின் நெடி. மேலே பாடசாலைச் சஞ்சிகைகள். அதற்குக் கீழே கிரிக்கெட் பெரும் போட்டிகளுக்கு வெளியிட்ட நினைவு மலர்கள். பிறகு, பத்திரிகைத் துண்டுகள் ஒட்டிய கொப்பிகள் பன்னிரண்டு. பசை காய்ந்து, ஓரங்கள் சுருண்டு, தாள்கள் பழுத்த பலாவிலை நிறத்தில் இருந்தன. இந்தியாவிலிருந்து வந்த 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழின் நடுப்பக்கப் படங்கள் சில. அடியில், சாதாரண கோடு போட்ட அப்பியாசக் கொப்பி ஒன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

அந்தப் பெட்டியில் ஒரு பதக்கம் இல்லை. ஒரு கிண்ணம் இல்லை. வீரர் ஒருவர் போட்ட சட்டையோ, பிடித்த மட்டையோ இல்லை. எல்லாம் கடதாசி.

"இஞ்சேருங்கோ, இந்தப் பழங்கடதாசி எல்லாத்தையும் கட்டி வைச்சு என்ன செய்யப் போறியள்? கறையான் எனக்கெல்லே வீட்டுக்குள்ளை வருகுது" என்று பெரியம்மா மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். பெரியம்மாவின் கேள்வி நியாயமானது என்றுதான் அப்போது நானும் நினைத்தேன். இன்று அதே கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டு இந்த உரையைத் தொடங்குகிறேன். மனிதர் விளையாட்டின் ஞாபகப் பொருட்களை ஏன் சேர்க்கிறார்கள்? எதைத் தெரிவு செய்கிறார்கள்?

இது புதிய பழக்கமன்று. தமிழ்நாட்டில் சேலம் பக்கத்தில் ஒரு நடுகல் கண்டெடுக்கப்பட்டது. சங்கன் என்பவன் எருது விளையாடி மடிந்தான் என்றும், அவனுக்கு அவன் மகன் நட்ட கல் இது என்றும் அதில் பொறித்திருக்கிறது. அரசன் நட்ட கல்லன்று, மகன் நட்டது. போர்க்களத்தில் விழுந்தவனுக்கு மட்டுமல்ல, விளையாட்டிலே விழுந்தவனுக்கும் தமிழன் கல் நட்டிருக்கிறான். ஞாபகப் பொருளின் ஆதி உருவம் அதுதான் எனலாம். ஒரு பெயர், ஒரு செயல், அதை மறக்க விரும்பாத ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

மேல்நாட்டில் இது பெரும் வியாபாரமாகிவிட்டது. 1896இல் இங்கிலாந்தின் வில்ஸ் சிகரெட் கம்பனி, பெட்டிக்குள் கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட சிறு அட்டைகளை வைத்து விற்றது. அட்டைக்காகச் சிகரெட் வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்பா எப்போது பெட்டியை எறிவார் என்று காத்திருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அமெரிக்காவில் அதே கதை பேஸ்போல் விளையாட்டில் நடந்தது. மிக்கி மன்ரில் என்ற வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று 2022இல் 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டு, மரடோனா 1986ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் பந்தைத் தட்டிவிட்ட அன்று போட்டிருந்த சட்டை, 71 இலட்சம் பவுணுக்கு மேல் விலை போனது. ஆட்டம் முடிந்தபின் அதை மாற்றி வாங்கிக்கொண்ட இங்கிலாந்து வீரர், முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் அதை வைத்திருந்தார்.

லண்டன் லோர்ட்ஸ் மைதானத்து நூதனசாலையில் ஒரு சிட்டுக்குருவி இருக்கிறது. 1936இல் ஜஹாங்கிர் கான் என்ற இந்திய வீரர் வீசிய பந்து பட்டு இறந்த குருவி. அதைப் பாடம் செய்து, அந்தப் பந்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அன்றைய ஆட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பது எவருக்கும் ஞாபகமில்லை. குருவியை மட்டும் உலகம் மறக்கவில்லை!

இவற்றைப் பார்த்தால் சேகரிப்பவர் மனம் ஓரளவு விளங்கும். முதலாவது, தொடுகை. மாவீரன் தொட்டதை நானும் தொடவேண்டும் என்ற ஆசை. கோயிலில் சாமி கழுத்து மாலையின் ஒரு பூவைக் காதில் செருகுகிறோமே, அதே ஆசைதான். இரண்டாவது, அருமை. உலகத்தில் பத்துப் பேரிடம் மட்டுமே இருப்பது என்னிடமும் இருக்கிறது என்ற பெருமை. மூன்றாவது, தொடர். ஐம்பது அட்டைகளில் நாற்பத்தொன்பது இருந்தால், இல்லாத ஒன்று இரவில் நித்திரையைக் கெடுக்கும். நான்காவது, தன் இளமை. பதினைந்து வயதில் பார்த்த ஆட்டத்தின் சீட்டுத் துண்டை அறுபது வயதில் எடுத்துப் பார்ப்பவன், ஆட்டத்தையா பார்க்கிறான்? பதினைந்து வயதுப் பையனையல்லவா பார்க்கிறான்!

ஆனால் நேயர்களே, இந்த நான்கு காரணங்களில் எதுவும் பெரியப்பாவின் பெட்டியை முழுதாக விளக்கவில்லை.

முதலில், யாழ்ப்பாணத்தில் சேர்ப்பதற்கு என்ன இருந்தது என்று பார்க்கவேண்டும். நமது விளையாட்டு, பாடசாலைகளில் வளர்ந்த விளையாட்டு. 1816இல் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடக்கம் கிரிக்கெட்டில் மோதி வருகின்றன. 'வடக்கின் பெரும் போர்' என்று அதற்குப் பெயர். உண்மையான போர் ஒன்று வரும் என்று அறியாத காலத்தவர்கள் விளையாட்டுகளுக்கு இப்படிப் பெயர் வைத்தார்கள்! சம்பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவது 'பொன் அணிகளின் போர்'. யாழ்ப்பாணம் இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதுவது 'இந்துக்களின் போர்'.

இப்போட்டிகளில் கிடைக்கும் கிண்ணம் வீரனுக்குச் சொந்தமல்ல, கல்லூரிக்குச் சொந்தம். அதுவும் பெரும்பாலும் சுழற்கிண்ணம். ஒரு வருடம் அலுமாரியில் இருந்துவிட்டு அடுத்த வருடம் திரும்பிப் போய்விடும். வீரனுக்கு மிஞ்சுவது என்ன? சஞ்சிகையில் அவன் பெயர். குழுப் படத்தில் ஒரு தலை. "இருப்போர் – இடமிருந்து வலம், நிற்போர் – இடமிருந்து வலம், சமுகமளிக்காதோர்" என்று படத்துக்குக் கீழே மூன்று வரி. இதுதான் எங்கள் மாவீரர்களின் கருவூலம். ஆகவே, சேகரிப்பவர் கடதாசியைச் சேர்த்ததில் வியப்பில்லை.

கிராமத்து விளையாட்டுகளுக்கோ அதுவும் இல்லை. மாட்டுவண்டிச் சவாரியில் என் அம்மாவின் தகப்பனார் வென்று வந்த பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று எங்கள் வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. அது விளக்காகவே இருந்தது. ஞாபகப் பொருளாக ஒருநாளும் இருக்கவில்லை. எந்தத் திடலில், எந்தச் சோடி மாட்டோடு, எந்த ஆண்டு வென்றார் என்று எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவிக்கிற பொருளை யாரும் சேர்ப்பதில்லை. கிளித்தட்டு இன்னும் ஒரு படி மேல். நிலத்தில் கோடு கீறி விளையாடுகிறோம். விடியப்புறம் பனி பெய்ய, கோடும் போய்விடுகிறது.

பெரியப்பாவின் கொப்பிகளில் முதல் இடம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்துக்கு. பெரியவிளானைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்தவர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2024இல் தமது 89ஆவது வயதில் காலமானார்.

அவருடைய பதக்கம் அவரிடம் இருந்தது. பெரியப்பாவிடம் இருந்தது 1958ஆம் ஆண்டுப் பத்திரிகைத் துண்டு. அத்தோடு இன்னொன்றும் இருந்தது. அது பெட்டிக்குள் வைக்க முடியாத ஞாபகப் பொருள். செய்தி வந்த அன்று அவர் அளவுநாடாவை எடுத்து, விறாந்தைச் சுவரில் 6 அடி 8 அங்குலத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். தைப்பொங்கலுக்குப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் தவிர்த்து அடிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். நாங்கள் பிள்ளைகள் அதன் கீழே நின்று மேலே பார்ப்போம். கை எட்டாது. "இதுக்கு மேலாலை ஒரு மனிசன் போனவனடா, எங்கடை ஊர் மனிசன்" என்பார். பதக்கத்தைப் பார்த்திருந்தால் எங்களுக்குத் தங்கம் தெரிந்திருக்கும். கோட்டைப் பார்த்ததால் உயரம் தெரிந்தது.

அடுத்த கொப்பி கடலுக்கு. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன், 'ஆழிக்குமரன்' என்று நாம் கொண்டாடும் குமார் ஆனந்தன், அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். கின்னஸ் புத்தகத்தில் பல சாதனைகளுக்கு அவர் பெயர் ஏறியது. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது கடலிலேயே அவர் உயிர் பிரிந்தது.

நீந்துபவன் எதை விட்டுச் செல்கிறான்? ஓடுபவனுக்குச் சப்பாத்து உண்டு. துடுப்பாட்டக்காரனுக்கு மட்டை உண்டு. கடல் எதையும் திருப்பித் தருவதில்லை. நீந்திய வழி அடுத்த அலையோடு மூடிவிடும். ஆகையால்தான் அந்த நீச்சலை நம்புவதற்கு எழுத்துத் தேவைப்படுகிறது. பெரியப்பா இரண்டு மாதச் செலவைச் சுருக்கி, ஆனந்தனின் பெயர் வந்த கின்னஸ் புத்தகம் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். ஆயிரக்கணக்கான சாதனைகள் கொண்ட அந்தப் புத்தகத்தில் அவருக்குத் தேவைப்பட்டவை சில வரிகள் மட்டுமே.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு கொப்பிகளில் பெண்களின் விளையாட்டு அரைப் பக்கம்கூட இல்லை. நான் வளர்ந்தபின் இதைக் கேட்டேன். "பேப்பரில் வந்தால்தானே வெட்டி ஒட்டலாம்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல. பெரியம்மாவின் சேலை அலுமாரியில், சேலைகளுக்கு அடியில், ஒரு குழுப் படம் இருந்ததை அவர் மறைந்தபின்தான் கண்டோம். வலைப்பந்தாட்ட அணி. இருப்போரில் இடமிருந்து மூன்றாவதாக, கையில் பந்தோடு, இரட்டைப் பின்னலோடு இருந்தவர் பெரியம்மா! முப்பது வருடம் "பழங்கடதாசி" என்று ஏசிக்கொண்டிருந்த அம்மாள் தாமும் ஒரு கடதாசியை ஒளித்து வைத்திருந்தார். அடுத்த அறையில் இருந்த சேகரிப்பாளர் ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சேகரிப்பு என்பது தெரிவு. தெரிவு என்றால் விடுபடுதலும் அதற்குள் அடக்கம். புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் ஆடியதை இன்று நாம் பெருமையோடு சொல்லுகிறோம். அவருக்கு முன்னால் எத்தனை பெண்கள் எத்தனை அலுமாரிகளுக்குள் மடிந்து கிடக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும்.

இனி, எங்கள் சேகரிப்பாளர்களை மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடமிருந்து வேறாக்கும் விடயத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாண நகரில் துரையப்பா விளையாட்டரங்கின் அயலிலே பொதுசன நூலகம். மறுபுறத்தில் மத்திய கல்லூரியும் அதன் மைதானமும். விளையாடும் இடமும் எழுதி வைக்கும் இடமும் ஒரே சுற்றாடலில் இருந்தன. 1981 மே மாத இறுதியிலும் ஜூன் முதலாம் திகதி விடியலிலுமாக நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. அடுத்த நாள் பெரியப்பா றங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அதுவரை அவருடைய துண்டுகள் பொழுதுபோக்கு. பத்திரிகையின் முழுக்கட்டும் நூலகத்தில் இருக்கிறது, நாம் விரும்பியதை மட்டும் வெட்டி ஒட்டுகிறோம் என்ற நிம்மதி இருந்தது. மூலம் எரிந்தபின் துண்டே மூலமாகிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு அது பொழுதுபோக்கன்று, காவல்.

அவர் தனியாளல்லர். குரும்பசிட்டி இரா. கனகரத்தினம் அவர்கள் தமிழ்ப் பத்திரிகைச் செய்திகளைத் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து, நுண்படச் சுருள்களாகவும் ஆக்கி வைத்ததைப் பலர் அறிவீர்கள். அப்படியான பெருந்தொண்டுக்குப் பக்கத்தில் எங்கள் பெட்டி சிறியதுதான். ஆனால் குணம் ஒன்று.

1990இன் பின் மின்சாரம் இல்லை. பற்றறி இல்லை. பத்திரிகைக் கடதாசிக்குத் தடை. அப்பியாசக் கொப்பித் தாளிலும் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சானது. அந்தக் காலத்துத் துண்டுகளில் செய்திக்குக் குறுக்கே நீலக் கோடுகள் ஓடும். எந்தக் கோல் யார் அடித்தார் என்பதைவிட, அந்தக் கோடுகளே காலத்தை அதிகம் சொல்லும். அன்று எறியாமல் விட்ட சாதாரண தாள் இன்று சாட்சி.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. மழை. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கான சனம். பெரியப்பாவுக்கு அப்போது எழுபது வயது. ஒரு சைக்கிள். பின் கரியரில் அரிசியும் காணி உறுதிகளும் லாம்பும். "இனி ஒண்டுதான் வைக்கலாம்" என்றேன். றங்குப் பெட்டியைத் திறந்தார். 1958ஆம் ஆண்டுத் துண்டை எடுப்பார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கின்னஸ் புத்தகம். அவர் அடியில் கைவிட்டு, அந்தச் சாதாரண அப்பியாசக் கொப்பியை எடுத்தார். பொலித்தீன் பைக்குள் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

1970களில் அயற் பாடசாலைகளின் இரண்டாந்தர அணிகள் ஆடிய கிரிக்கெட் போட்டிகளுக்கு அவர் தாமே போயிருந்து, வேலியோரத்தில் குந்தி, பென்சிலால் எழுதிய ஓட்ட விபரம் அது. பெரும் போட்டிகளல்ல. பத்திரிகையில் வராதவை. ஆடியவர்களே மறந்துபோனவை. எனக்குக் கோபம் வந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், சனம் நெருங்கி அசையமுடியாமல் நின்ற நேரம் கேட்டேன். "எதிர்வீரசிங்கத்தை விட்டுட்டு இதையோ கொண்டு வாறியள்?"

அவர் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை. "எதிர்வீரசிங்கத்தின்ரை பேர் டோக்கியோவிலை இருக்கும், ஒலிம்பிக் புத்தகத்திலை இருக்கும். இந்தப் பொடியளின்ரை பேர் இதிலை மட்டுந்தான் இருக்கு, தம்பி."

சேகரிப்பவர்களைப் பற்றி எத்தனையோ வாசித்துவிட்டேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. உலகச் சந்தையில் அருமை என்றால், பலர் விரும்புவது சிலரிடம் இருப்பது. பெரியப்பாவின் கணக்கில் அருமை என்றால், ஒருவரும் விரும்பாதது ஓரிடத்தில் மட்டும் இருப்பது. முதலாவதற்கு விலை உண்டு. இரண்டாவதற்குப் பொறுப்புத்தான் உண்டு.

1996 மார்ச் 17ஆம் திகதி இரவு. சாவகச்சேரிக்கு அப்பால், கொட்டிலொன்றில் நாங்கள் இருந்தோம். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிர் கொடுத்தார்கள் இளைஞர்கள். லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். அவுஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 241. இலங்கை 3 விக்கெட்டுக்கு 245. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அணியிலே முரளிதரன். யாருக்காகக் கைதட்டுவது, எதற்காகக் கைதட்டாமல் இருப்பது என்று தெரியாத இரவு அது. சிலர் தட்டினார்கள், சிலர் எழுந்து போனார்கள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. நிவாரணச் சாமான் சுற்றி வந்த தாளை விரித்து, லாம்பு வெளிச்சத்தில் ஓட்ட விபரத்தை எழுதி முடித்தார். திகதி போட்டார். இடம் என்று எழுதி, லாகூர் என்று எழுதவில்லை. நாங்கள் இருந்த இடத்தின் பெயரை எழுதினார்.

அந்த ஆண்டே வீடு திரும்பினோம். கூரை இல்லை. கதவுகள் இல்லை. றங்குப் பெட்டியும் இல்லை. சாமியறைக்குள் மழைத்தண்ணீர் நின்றது. விறாந்தைச் சுவர் மட்டும் நின்றது. அதில் 6 அடி 8 அங்குலத்தில் அந்தக் கோடும் நின்றது. பெரியப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம், "இனிக் கறையான் வராது" என்றார். பெரியம்மா அழுதார். கடதாசிக்காக அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

பெரியப்பா காலமாகிப் பல ஆண்டுகளாயிற்று. கொப்பி என்னிடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில், வடக்கின் பெரும் போர் நடந்த நாட்களில், கனடாவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தகப்பனார் 1990இல் காணாமற் போனவர். அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. "அப்பா கிரிக்கெட் விளையாடுவார் என்று அம்மா சொல்லுவா. அது உண்மையோ என்று பார்க்க வந்தனான்" என்றார்.

கொப்பியைப் புரட்டினோம். நாற்பது பக்கத்துக்கு மேல் போனபின் பெயர் கிடைத்தது. ஆறாவதாக ஆடியிருக்கிறார். 11 ஓட்டங்கள். ரன் அவுட். அதற்குப் பக்கத்தில் பெரியப்பாவின் பென்சில் எழுத்தில் ஒரு சொல்: "அவசரம்."

இளைஞர் அந்தச் சொல்லை இரண்டு தரம் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சிரித்தார். "அம்மாவும் இதைத்தான் சொல்லுவா. அப்பாவுக்கு எல்லாத்துக்கும் அவசரமாம்." சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பக்கத்தைத் தரமுடியுமா, எவ்வளவு என்றாலும் தருகிறேன் என்று. நேயர்களே, எனக்கும் கொடுக்க மனம் வந்தது. அந்தப் பக்கத்தில் அவரைவிட உரிமை உள்ளவர் உலகத்தில் யார்? ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டு அணி. இருபத்திரண்டு பேர். ஒருவருக்காகக் கிழித்தால் இருபத்தொரு பேர் வீடிழந்து போவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் வரவில்லை. இதைச் சொன்னேன். அவர் விளங்கிக்கொண்டார். பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, தகப்பனாரின் பெயரின் மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனார். தொடுகை என்று முன்னர் சொன்னேனல்லவா? அதுவும் பொய்யல்ல.

அன்று மாலை மைதானத்துக்குப் போனேன். '117ஆவது வடக்கின் பெரும் போர்' என்று பதாகை. மனம் கணக்குப் பார்த்தது. 1904ஐ ஒன்று என்று வைத்தால் 2024, 121 ஆகவேண்டும். நான்கு குறைகிறது. போரும் இடப்பெயர்வும், கடைசியாகக் கொள்ளைநோயும் தின்ற ஆண்டுகள் அவை. அந்த எண்ணே ஓர் ஞாபகப் பொருள்தான். குழுப் படத்தின் கீழே எழுதுவோமே "சமுகமளிக்காதோர்" என்று, அதைப்போல.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், பழைய சஞ்சிகைகளையும் மலர்களையும் மின்வடிவில் ஏற்றி எவரும் பார்க்க வைத்திருக்கிறது. அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் நானும் படம் பிடித்து, பிரதிகள் வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் போய்விடும் என்பதை எங்களைவிட அறிந்தவர் யார்?

இந்த உரையைக் கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய குழுப் படம் ஒன்று கட்டாயம் இருக்கும். சுவரிலோ, அலுமாரியிலோ, சேலைகளுக்கு அடியிலோ. அதை எடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, இருப்போர் யார், நிற்போர் யார் என்று கேளுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதவேண்டாம், மை ஊறிவிடும். மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். ஒட்டுநாடா போடாதீர்கள். ஆண்டு தெரிந்தால் ஆண்டு, மைதானம் தெரிந்தால் மைதானம். முக்கியமாக, அம்மாமாரையும் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பிறகு புதிதாகச் சாந்து பூசினோம். பூசுவதற்கு முன் மேசன் கேட்டார், "இந்தக் கரிக்கோட்டை அழிக்கட்டோ ஐயா?" என்று. அழிக்கச் சொல்லவில்லை. இப்போதும் பேரப்பிள்ளைகள் அதன் கீழே நின்று மேலே பார்க்கிறார்கள். கை இன்னும் எட்டவில்லை.